கீப்பர் வேண்டும் என்று எடுத்தேன்

வியாழக்கிழமை பிற்பகல் அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது கைபேசி மூன்று முறை அதிர்ந்தது. மூன்றும் பக்கத்து வீட்டுப் பெரியவர். காரணமில்லாமல் கூப்பிடுகிறவர் இல்லை அவர். போன தடவை இப்படி அடுத்தடுத்துக் கூப்பிட்டது, எங்கள் வீட்டு மேப்பிள் மரத்தின் கிளை ஒடிந்து என் கார் மேல் விழுந்த அன்றைக்கு. பதறிப்போய் வெளியே வந்து எடுத்தேன்.

"பார்சன்ஸ்" என்றார். ஒரு பெருமூச்சு. அப்புறம், "இரண்டு முதல் சுற்று. கிளார்க்கும் போய்விட்டான்."

விஸ்கான்சினில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2025 ஆகஸ்ட் 28 அன்று எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணி கிரீன் பே பேக்கர்ஸ், டாலஸ் கவ்பாய்ஸிடமிருந்து மைக்கா பார்சன்ஸை வாங்கிவிட்டது. எதிரணியில் பந்தை வீசுகிற குவாட்டர்பேக்கைத் துரத்திப் பிடித்து மண்ணில் சாய்ப்பதில் அவருக்கு இணையாக இன்றைக்கு நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அதற்குக் கொடுத்த விலை 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளின் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பதில், முதல் சுற்றுத் தேர்வுகள். கூடவே 2016-இலிருந்து இங்கே தடுப்பு வரிசையின் நடுவில் மலை மாதிரி நின்ற கென்னி கிளார்க். பார்சன்ஸுக்குச் சம்பளம் நான்கு ஆண்டுகளுக்கு 188 மில்லியன் டாலர். அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது.

"அப்படியென்றால் ஏப்ரலில் நாம் போட்ட சண்டை யார் பக்கம்?" என்று கேட்டார் பெரியவர்.

நான் ஆப்பிள்டனுக்கு வந்து பதினோரு வருடம். பெரியவர் இந்தப் பக்கத்துக் காகித ஆலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பேக்கர்ஸ் அணிக்குத் தனி முதலாளி கிடையாது, ஊர்மக்களும் ரசிகர்களும் பங்கு வைத்திருக்கிறார்கள். 1997-இல் 200 டாலர் கொடுத்து வாங்கிய ஒரே ஒரு பங்கு அவரிடம் இருக்கிறது. அதற்கு ஈவுத்தொகை வராது, விற்று லாபம் பார்க்கவும் முடியாது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கணப்படுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறார். அந்த ஒரு பங்கின் பலத்தில் அணியின் ஒவ்வொரு முடிவையும் தன்னைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது போலத்தான் பேசுவார்.

2025 ஏப்ரலில் டிராஃப்ட் கிரீன் பேவிலேயே நடந்தது. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், என்எஃப்எல் லீகிலேயே மிகச் சிறிய ஊர். மூன்று நாளில் ஆறு லட்சம் தலை எண்ணினார்கள். லாம்போ மைதானத்துக்கு வெளியே மேடை. முதல் நாள், 24-ஆம் தேதி, நாங்கள் இருவரும் போனோம். வாகனத்தை எங்கோ ஒரு வீட்டுப் புல்தரையில் நாற்பது டாலருக்கு நிறுத்திவிட்டு நடந்தோம்.

டிராஃப்ட் என்றால் என்ன என்று ஊரில் இருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணியிடமும் பணம் இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் கை தூக்கலாம். இங்கே கையில் இருப்பது பணம் அல்ல, முறை. போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை, கோப்பை வென்றவர்களுக்குக் கடைசி. 32 அணி, ஏழு சுற்று, 2025-இல் மொத்தம் 257 தேர்வுகள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டே போவார்கள். உன் முறை வரும்போது உனக்கு முன்னால் இருக்கிறவர்கள் விட்டுவைத்ததுதான் உனக்கு. அந்த வருடம் முதல் சுற்றில் யோசிக்கப் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் வருகிற கேள்விதான் இந்த ஊரின் தீராத சண்டை. உன் பட்டியலில் மிச்சமிருப்பவர்களில் உச்சியில் ஒரு பையன் இருக்கிறான், ஆனால் அவன் ஆடும் இடத்தில் உன்னிடம் ஏற்கெனவே ஆள் உண்டு. உன் அணியில் ஓட்டை இருப்பது வேறொரு இடத்தில். அந்த இடத்துக்கான பையன் உன் பட்டியலில் பத்துப் பேர் தள்ளி இருக்கிறான். யாரை எடுப்பாய்? திறமையையா, தேவையையா?

பெரியவர் திறமைக் கட்சி. தேவையைப் பார்த்து எடுத்தவன் உருப்பட்டதில்லை என்பது அவருடைய வேதவாக்கு. நான் நெடுநாள் தேவைக் கட்சி. ஒழுகுகிற கூரையை விட்டுவிட்டு நல்ல சோபா கிடைத்தது என்று வாங்கி வருவாயா என்று கேட்பேன்.

அன்றிரவு 23-ஆவது தேர்வு பேக்கர்ஸுடையது. மேடையில் மேத்யூ கோல்டன் பெயர் வாசிக்கப்பட்டதும் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் என் காதே அடைத்துவிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்து ரிசீவர், அதாவது வீசும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர், 40 கஜத்தை 4.29 விநாடியில் ஓடியவர். பேக்கர்ஸ் முதல் சுற்றில் ரிசீவர் ஒருவரை எடுத்தது 2002-இல் ஜாவோன் வாக்கருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. 23 வருடம் கேட்டுக் கேட்டு ஏங்கிய ஊர், கத்தாமல் என்ன செய்யும்.

பெரியவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தேவையைப் பார்த்து எடுத்துவிட்டார்கள்" என்றார். ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சனுக்கு ஜனவரியில் முழங்கால் போனது, எங்கள் குவாட்டர்பேக் ஜோர்டன் லவ் பந்தை நம்பி வீச ஒரு முதல்நிலை ரிசீவர் இல்லை, ஊரே கத்துகிறது, எடுத்துவிட்டார்கள். அதுதான் அவர் கணக்கு.

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் பார்த்தவரை தேவை அங்கே இல்லவே இல்லை. குவாட்டர்பேக்கை நெருக்க ஆள் வேண்டும், ஓரத்தில் மறிக்கிற கார்னர்பேக் வேண்டும். ரிசீவர்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அப்படியிருந்தும் கோல்டனை எடுத்தார்கள் என்றால், இருந்ததில் அவன்தான் சிறந்தவன் என்று நினைத்துத்தானே? 41-ஆம் நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்த ஒன்றரை மணி நேரமும் இதையே பேசினோம். வீடு வந்து கார் கதவைச் சாத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு தேர்வு. அவர் தனக்குப் பிடிக்காத பெயரை அதற்கு வைக்கிறார், நான் எனக்குப் பிடிக்காத பெயரை வைக்கிறேன்.

இங்கே பெரியவரின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆலையில் ஷிஃப்டு எழுதப் பயன்படுத்திய பச்சை அட்டை நோட்டு. 1989-இலிருந்து பேக்கர்ஸ் எடுத்த எல்லாரையும் அதில் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறி. திறமைக்காக எடுத்தது என்றால் வட்டம், தேவைக்காக எடுத்தது என்றால் பெருக்கல் குறி. பெயர்கள் பேனாவில், குறிகள் பென்சிலில். கோல்டன் இரவுக்கு அடுத்த வாரம், என் தரப்பை நிரூபிக்க அந்த நோட்டை இரவல் வாங்கி வந்தேன்.

முதல் பக்கத்தில் முதல் பெயர் டோனி மாண்டரிச். பேக்கர்ஸ் ரசிகர்கள் இந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழும். 1988-இல் நான்கே ஆட்டம் ஜெயித்த அணி. அதிலும் கடைசி இரண்டு ஆட்டத்தை ஜெயித்துத் தொலைத்ததால் முதல் தேர்வு டாலஸுக்குப் போனது, அவர்கள் டிராய் எய்க்மனை எடுத்தார்கள். இரண்டாவது தேர்வில் பேக்கர்ஸ் எடுத்தது, தன் குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசையில் ஆடிய மிச்சிகன் ஸ்டேட்டின் மாண்டரிச்சை. மூன்றாவது டெட்ராய்டுக்கு, பாரி சாண்டர்ஸ். நான்காவது டெரிக் தாமஸ். ஐந்தாவது டியோன் சாண்டர்ஸ். முதல் ஐந்து பேரில் நான்கு பேர் இன்றைக்கு ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது இந்த ஆட்டத்தின் மாவீரர் பட்டியலில், இருக்கிறார்கள். மிச்சமிருந்த ஒருவரை எடுத்தது நாங்கள். நான்கு வருடத்துக்குள் அவரை அனுப்பியாகிவிட்டது. கல்லூரிக் காலத்தில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பாரி சாண்டர்ஸ் அதற்குள், எங்கள் பிரிவிலேயே இருந்த டெட்ராய்டுக்காக, பத்து வருடம் எங்கள் மேலேயே ஏறி ஓடிக்கொண்டிருந்தார்.

நோட்டில் மாண்டரிச்சுக்குப் பெருக்கல் குறி. தேவைக்காக எடுத்தது. பெரியவர் எப்போதும் சொல்வதும் அதுதான். தடுப்புச் சுவரில் ஓட்டை என்று ஆளைத் தேடினார்கள், பக்கத்தில் நின்ற பாரி சாண்டர்ஸ் கண்ணில் படவில்லை.

ஆனால் விளக்கு வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்தால், அந்தக் குறிக்கு அடியில் அழித்த வட்டம் ஒன்று தெரிந்தது.

அது வட்டமாகத்தானே இருந்திருக்க வேண்டும்! 1989-இல் மாண்டரிச்சைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அந்த இடத்தில் ஆட இதுவரை வந்தவர்களிலேயே சிறந்தவன் என்று வேட்டையாடிகள் பலர் சொன்னார்கள். ஸ்கவுட்டுகளை, அதாவது அணிகளுக்காக வீரர்களைத் தேடிப் பார்க்கும் ஆட்களை, நான் வேட்டையாடிகள் என்றுதான் சொல்வது வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரலில் திறமைக் கட்சிக்காரன் ஒருவனைக் கேட்டிருந்தால் மாண்டரிச்சை எடு என்றுதான் சொல்லியிருப்பான். ஆள் தோற்றபிறகு அவன் கட்சி மாற்றப்பட்டுவிட்டான்.

பக்கங்களைப் புரட்டினேன். 2005, ஏரன் ராட்ஜர்ஸ், 24-ஆவது தேர்வு. நல்ல அழுத்தமான வட்டம். அடியில் அழித்த தடம் குறி மாதிரியே இல்லை, ஏதோ வசைச்சொல் போலத் தெரிந்தது. மறுநாள் கேட்டேன். சிரித்துவிட்டார்.

அன்றைக்கு எங்கள் குவாட்டர்பேக்காக பிரெட் ஃபாவ் இருந்தார், வயது 35. 1992-இலிருந்து ஒரு ஆட்டம் தவறாமல் ஆடி வந்தவர். தடுப்பாட்டம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. கலிஃபோர்னியா பையன் ராட்ஜர்ஸும் குவாட்டர்பேக்தான், முதல் ஆளாகப் போவான் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்தது. அப்புறம் ஒவ்வொரு அணியாகத் தாண்டிப் போக, நியூயார்க்கில் அந்தக் காத்திருப்பு அறையில் நாலு மணி நேரத்துக்கு மேல் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தான். டெட் தாம்சன் பொது மேலாளர் ஆன பிறகு அவர் எடுத்த முதல் ஆளே இவன்தான். பெரியவர் அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டாராம். "திறமைக் கட்சி என்று சொன்னீர்களே?" என்றேன். "எனக்கு அப்போது அவன் திறமை தெரியாதே" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்த ராட்ஜர்ஸ் பிறகு என்ன ஆனார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2010 சீசனின் சூப்பர் பவுல், அதாவது லீகின் கோப்பை, நான்கு தடவை எம்விபி, அதாவது சீசனின் சிறந்த வீரர். ஆனால் இந்தக் கதையைத் திறமைக் கட்சியின் வெற்றி என்று எழுதும்போது ஒரு விஷயம் கைநழுவிவிடுகிறது. 35 வயதுக் குவாட்டர்பேக் இருக்கிற அணிக்கு அடுத்த குவாட்டர்பேக் தேவை இல்லையா என்ன? தேவைதான். செப்டம்பரில் வருகிற தேவை இல்லை, மூன்று வருடம் கழித்து வருகிற தேவை. அதற்கு முன் ரான் வுல்ஃப் மேலாளராக இருந்த காலத்திலும் இதுதான் நடந்தது. ஃபாவ் உச்சத்தில் இருந்தபோதே மார்க் புரூனல், மேட் ஹாசல்பெக், ஏரன் புரூக்ஸ் என்று குவாட்டர்பேக்குகளாக எடுத்து வளர்த்தார். மூவரும் பின்னால் வெவ்வேறு அணிகளுக்குக் கைமாறினார்கள், போன இடத்தில் முதல் குவாட்டர்பேக் ஆனார்கள்.

நோட்டில் அதிகம் கிழிந்திருந்த இடம் 2020. ஜோர்டன் லவ். தாள் தேய்ந்து அடுத்த பக்கம் தெரிகிற அளவுக்கு அழித்து எழுதியிருந்தார்.

அந்த ஏப்ரலை நானும் மறக்கவில்லை. ஊரடங்கு. முந்தைய சீசனில் 13 ஆட்டம் ஜெயித்து, சூப்பர் பவுலுக்கு ஒரே ஒரு படி கீழே சான் ஃபிரான்சிஸ்கோவிடம் உதை வாங்கிய அணி. ராட்ஜர்ஸுக்கு இன்னொரு ரிசீவர் வேண்டும் என்று பால்காரரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார். பொது மேலாளர் பிரையன் குட்டகன்ஸ்ட் என்ன செய்தார்? 30-ஆவது இடத்திலிருந்து நான்காவது சுற்றுத் தேர்வு ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்து 26-க்கு ஏறி வந்து, யூட்டா ஸ்டேட் குவாட்டர்பேக் லவ்வை எடுத்தார். நான் வீட்டுக்குள் கத்தினேன், பெரியவர் அவர் வீட்டுக்குள் கத்தினார், சுவர் தாண்டி இரண்டும் கேட்டது. ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனை விட்டுவிட்டார்களே என்று இன்றைக்கும் சிலர் புலம்புவார்கள். அது தப்பு, அவர் 22-இலேயே மினசோட்டாவுக்குப் போய்விட்டார். டீ ஹிகின்ஸை எடுத்திருக்கலாம் என்று புலம்பினால் நியாயம், அவர் 33 வரை இருந்தார்.

அந்தச் சீசனில் ராட்ஜர்ஸ் 48 டச்டவுன் வீசி எம்விபி வாங்கினார். கோபத்தில் வீசினார் என்பார்கள். பிறகு 2021 ஜனவரியில், லாம்போவில், டேம்பா பேயிடம் 31-26 என்று தோற்றபோது பெரியவர் நோட்டைத் திறந்து அவர் பார்வையில் உலகத்திலேயே பெரிய பெருக்கல் குறியைப் போட்டிருக்கிறார். தேவைக்காகக்கூட எடுக்கவில்லையே, அது எப்படி என்று கேட்டேன். "வருங்காலத் தேவை" என்றார். 2024 ஜனவரியில் அதே லவ் டாலஸுக்குப் போய், அவர்கள் ஊரிலேயே 48-32 என்று பிளேஆஃபில் அடித்தபோது அது வட்டமாகிவிட்டது.

இதையெல்லாம் சொல்லி அவரைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. என்னிடம் நோட்டு இல்லையே தவிர, நானும் அழித்து எழுதுகிறவன்தான்.

இங்கே வார இறுதியில் எங்களுக்கு டென்னிஸ் பந்து கிரிக்கெட் லீக் உண்டு. எட்டு அணி. ஆட்களைக் கேப்டன்கள் மார்ச்சில் ஸூமில் கூடி டிராஃப்ட் முறையில்தான் பிரித்துக்கொள்வோம். பாம்பு வரிசை, அதாவது முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலாக எடுப்பார். போன வருடம் எனக்கு மூன்றாவது முறை. என் பழைய விக்கெட் கீப்பர் வேலை மாறி டெக்சஸ் போய்விட்டார். அந்த முந்தைய சீசனில் கீப்பர் இல்லாமல் கடைசி மூன்று ஆட்டம் ஆடி, பைஸ் மட்டும் எத்தனை கொடுத்தோம் என்று என் மனைவி, எங்கள் ஸ்கோரர், கணக்குப் போட்டு வைத்திருந்தாள். என் முறை வந்தபோது பட்டியலின் உச்சியில் ஒரு ஆல்ரவுண்டர் இருந்தான். சென்னைப் பையன், மில்வாக்கியில் மாஸ்டர்ஸ் படிக்கிறான். இடது கைப் பந்து, வலது கை அடி. இரண்டாவது சுற்றில் நல்ல கீப்பர் யாராவது மிஞ்சுவார்களா என்று யோசித்தேன். மொத்தப் பட்டியலில் கீப்பர்கள் நாலு பேர்தான். மிஞ்ச மாட்டார்கள் என்று முடிவு செய்து கீப்பரை எடுத்தேன். எனக்கு அடுத்த கேப்டன் மைக்கை மியூட் செய்ய மறந்து சிரித்தது எல்லாருக்கும் கேட்டது.

ஜூனில் கீப்பருக்குக் குழந்தை பிறந்தது. ஆறு ஆட்டம் வரவில்லை. வருகிற நிலையிலும் அவர் இல்லை, தூங்கியே பல நாள் ஆகியிருந்தது. ஆல்ரவுண்டர் எங்களுக்கு எதிராக 43 ரன் அடித்து, 11 ரன்னுக்கு நாலு விக்கெட் எடுத்தான். "கீப்பருக்காகத்தான் அந்தப் பையனை விட்டீங்க, அந்தக் கீப்பரும் வரலையேங்க" என்று மனைவி காரில் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் சொல்லாததுதான் வலித்தது. ஆறாவது இடத்தில் முடித்தோம்.

அன்றிலிருந்து கொஞ்ச நாள் நான் கட்சி மாறியிருந்தேன். தேவைக்காக எடுக்கவே கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஏப்ரலுக்குள் பழைய கட்சிக்கே திரும்பிவிட்டேன். மாண்டரிச் பக்கத்தைப் பார்த்த இரவில்தான் யோசித்தேன். அந்தப் பையன் முதல் ஆட்டத்தில் தொடை நரம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? குழந்தை அக்டோபரில் பிறந்திருந்தால்? இதே தேர்வைச் சமயோசிதம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

பக்கத்து மாநிலத்து டெட்ராய்ட் லயன்ஸ் இந்த விஷயத்தில் ஒரு தனி அருங்காட்சியகம். 2003-இல் சார்ல்ஸ் ராஜர்ஸ், 2004-இல் ராய் வில்லியம்ஸ், 2005-இல் மைக் வில்லியம்ஸ். மூன்று வருடமும் முதல் பத்துக்குள் ஒரு ரிசீவர். திறமையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று தேவைக் கட்சி இன்றைக்கும் இதை எடுத்துக் காட்டும். ஆனால் ராஜர்ஸ் முதல் இரண்டு சீசனிலும் கழுத்தெலும்பை முறித்துக்கொண்டார், அதனால் மறுபடி ரிசீவர் தேவைப்பட்டது என்றும் சொல்லலாமே. மைக் வில்லியம்ஸுக்கு அடுத்து 11-ஆவதாகப் போனவர் டிமார்கஸ் வேர், இப்போது ஹால் ஆஃப் ஃபேமில். அதே லயன்ஸ் 2023-இல் 12-ஆவது தேர்வில் ஜாமிர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை, எடுத்தது. அதே இடத்தில் ஆடும் டேவிட் மான்ட்காமரியைச் சற்று முன்தான் ஒப்பந்தம் செய்திருந்தார்கள், எனவே தேவை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடத்துக்கு இவ்வளவு முன்னால் எடுப்பதா என்று எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு 15 ஆட்டம் ஜெயித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சிக்கலின் வேர், யார் சிறந்தவர் என்பதே சரியாகத் தெரியாததில் இருக்கிறது. இதைத் தோண்டப் போனபோது ஒரு இந்தியப் பெயர் தட்டுப்பட்டது. 1960-களில் கவ்பாய்ஸ் அணியின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம், வீரர்களை மதிப்பிடக் கணினி உதவுமா என்று ஐபிஎம்மின் துணை நிறுவனத்திடம் போனார். அங்கே இருந்த புள்ளியியல்காரர் சலாம் குரேஷி, இந்தியாவிலிருந்து வந்தவர். அவருக்குக் கிரிக்கெட் தெரியும், இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுதான் உதவியது என்று நினைக்கிறேன். பயிற்சியாளர்கள் ஒரே சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் பயன்படுத்துவதைக் கண்டு, எல்லாரும் ஒரே மாதிரி மதிப்பெண் போடும்படி கேள்விகளை அமைக்க வைத்தார். அந்தக் காலத்து கவ்பாய்ஸ் தேவை, முறை எதையும் பார்க்காத ஆட்கள். 1964 டிராஃப்டில் ஏழாவது சுற்றில் பாப் ஹேஸை எடுத்தார்கள், அதே ஆண்டு டோக்கியோவில் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர். பத்தாவது சுற்றில் ரோஜர் ஸ்டாபாக். கடற்படைப் பணி முடித்து அவர் அணிக்கு வந்தது 1969-இல். ஐந்து வருடம் கழித்து வரப்போகிறவனை எந்தத் தேவைப் பட்டியலில் எழுதுவது?

கணினி வந்து அறுபது வருடம் ஆகியும் பெரிதாக ஒன்றும் தெளிந்துவிடவில்லை. பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மேசியும் இந்த டிராஃப்டை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் ஆடுகிற இருவரில் முதலில் எடுக்கப்பட்டவன் அடுத்து எடுக்கப்பட்டவனை விட நன்றாக வருவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். காசு சுண்டுவதை விட ஒரு பிடி அதிகம். பட்டியலில் உச்சியில் இருப்பவனுக்கும் பத்துப் பேர் தள்ளி இருப்பவனுக்கும் நடுவே நாம் கற்பனை செய்கிற மலை, பெரும்பாலும் மணல்மேடு. அப்படியிருக்கும்போது மனம் தேவைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் அது பாவமா? தேவைப் பக்கம் சாய்ந்துவிட்டு, பட்டியலிலேயே அவனைத் தூக்கி மேலே எழுதிக்கொண்டு, திறமையைத்தான் பார்த்தேன் என்று சொல்வதுதான் என் கணிப்பில் எல்லா அணியும் செய்வது. நான் கீப்பருக்குச் செய்ததும் அதுதான். ஸூம் கூட்டத்துக்கு முந்தின இரவு என் எக்செல்லில் அவர் ஏழாவது இடத்தில் இருந்தார், காலையில் இரண்டாவது.

பில் பார்செல்ஸ் கதை இங்கே பொருந்தும். 1996-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் பயிற்சியாளராக இருந்த அவர் தடுப்பாட்டக்காரன் வேண்டும் என்றார். மேலிடம் கேட்காமல் ஏழாவது தேர்வில் ரிசீவர் டெரி கிளெனை எடுத்தது. சமைக்கச் சொல்கிறவர்கள் மளிகை வாங்கவாவது என்னை விட வேண்டாமா என்று பின்னால் அவர் கேட்டது இந்த நாட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கிளென் முதல் வருடமே 90 பந்து பிடித்தார், அணி சூப்பர் பவுல் வரை போனது. அங்கே தோற்றது யாரிடம் தெரியுமா? எங்களிடம்தான், 35-21. பார்செல்ஸ் கோபித்துக்கொண்டு நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். அவர் கேட்டது சரியா, மேலிடம் செய்தது சரியா? கிளென் நன்றாக ஆடினார். இறுதி ஆட்டத்தில் 35 புள்ளி கொடுத்த அணிக்குத் தடுப்பாட்டக்காரனும் தேவையாகத்தான் இருந்திருக்கும்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை. பெரியவர் வீட்டுக் கராஜில் கிரில் எரிந்துகொண்டிருந்தது. எனக்கென்று ஓரமாக நாலு மக்காச்சோளம். கராஜ் மேசையில் பச்சை நோட்டு. 2025 பக்கத்தில் கோல்டன் பெயருக்குப் பக்கம் இன்னும் காலிதான், எங்கள் சண்டை முடிகிற வரை எழுத மாட்டேன் என்று ஏப்ரலிலேயே சொல்லியிருந்தார். அடுத்த பக்கத்தில் 2026 என்று போட்டு, முதல் சுற்று வரியில் மைக்கா பார்சன்ஸ். அதற்கடுத்து 2027, முதல் சுற்று, மறுபடியும் மைக்கா பார்சன்ஸ். இரண்டும் பேனாவில்.

"தேவை இருந்தது. ஏப்ரலில் நீ சொன்னாய்" என்றார்.

"அவரை விடச் சிறந்தவர் அந்த இடத்தில் கிடைக்கவும் மாட்டார்" என்றேன்.

கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் சாசேஜைத் திருப்பிப் போட்டார். அடுத்த ஞாயிறு முதல் ஆட்டம் டெட்ராய்டுடன், லாம்போவில். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பார்சன்ஸுக்குப் பக்கத்தில் லேசாக, மிக லேசாக, ஒரு வட்டம் போட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் லேசாகப் போடு" என்றார்.